பழைய சிபியுவிலிருந்து ஃபைல்களை மீட்பது எப்படி? ஒரு டிடிபி கடைக் கணினியை வைத்து முழு வழிகாட்டி

மாமா அச்சகத்தை மூடியபோது கட்டிங் மெஷின் விலை போனது, ஆஃப்செட் மெஷின் விலை போனது. டிடிபி வேலை பார்த்த சிபியுவை மட்டும் யாரும் கேட்கவில்லை. 1998இல் வாங்கிய பென்டியம் பெட்டி. மாடிப்படிக்குக் கீழே காலண்டர் அட்டைக் கட்டுகளுக்கு நடுவில், ஏதோ ஓர் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்துபோய், அப்படியே கிடந்தது. போன வருடம் ஊர்க் கோயில் குடமுழுக்கையொட்டி, 2001இல் மாமா அடித்துக் கொடுத்த தலவரலாற்றுப் புத்தகத்தை மறுபடி போடலாம் என்று பேச்சு வந்தது. முழுசான பிரதி ஒன்றுகூட யாரிடமும் இல்லை. "ஃபைல் பொட்டிக்குள்ளதான் இருக்கு. ஸ்விட்ச போட்டா ஓடும்டா, நல்ல கண்டிஷன்ல மூடி வச்சது" என்றார் மாமா.

அந்த ஸ்விட்சைப் போடாமல் வேலையை முடித்தோம். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன். விண்டோஸ் 95, 98 காலத்து டெஸ்க்டாப், அதில் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை ஹார்டு டிஸ்க் என்பதுதான் நம் ஊரில் அதிகம் அகப்படுவது. அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அதைவிடப் பழைய வகைகளுக்கு என்ன வழி என்பதும் இடையில் வரும்.

ஏன் ஸ்விட்சைப் போடக் கூடாது

இருபது வருடம் சும்மா கிடந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருக்கும் கெப்பாசிட்டர்கள் உலர்ந்தோ உப்பியோ போயிருக்கலாம். அது சாகும்போது தவறான வோல்டேஜை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டுச் சாகலாம். இது ஒன்று.

இரண்டாவது, விண்டோஸ் 98 கிளம்பும்போதே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். நினைவகம் போதாதபோது பயன்படுத்தும் ஸ்வாப் ஃபைலை எழுதும், தற்காலிக ஃபைல்களை எழுதும். கடைசியாக ஒழுங்காக ஷட்டவுன் செய்யாமல் விட்டிருந்தால் ஸ்கேன்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைக் கருவி தானாக ஓடி, தொலைந்த துண்டுகளை எல்லாம் 'சிஹெச்கே' என்ற பின்னொட்டோடு புது ஃபைல்களாகப் போட்டு வைக்கும். எப்போதோ அழித்த ஒரு ஃபைலைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்றால், அது இருந்த இடத்தின் மேலேயே இதையெல்லாம் எழுதிவிட வாய்ப்பு உண்டு.

மூன்றாவதுதான் பெரிய காரணம். அந்தக் காலத்து டிஸ்க் பெரும்பாலானவற்றில் மோட்டார் நின்றதும், படிக்கும் எழுதும் முனையான ஹெட் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். வருடக் கணக்கில் அப்படியே இருந்தால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. மறுபடி சுற்றினால் அதிர்ஷ்டம்; ஆனால் எத்தனை முறை சுற்றும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஓர் ஓட்டத்தை விண்டோஸ் 98இன் மேகப் படத்தைப் பார்க்கச் செலவழிக்க வேண்டாம். நகல் எடுக்கச் செலவழியுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன.

இடையில் ஒன்று. சிஐஹெச் என்ற வைரஸ் நினைவிருக்கிறதா? செர்னோபில் வைரஸ் என்பார்கள். 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கணினிகளை முடக்கியது. டிஸ்க்கின் முதல் 1 எம்பியைப் பூஜ்ஜியங்களால் நிரப்பிவிட்டு, முடிந்தால் கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் அழிக்கும். விண்டோஸ் 95, 98 கணினிகளில் அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். பழைய பெட்டியை ஏப்ரல் 26 அன்று ஆன் செய்து பார்ப்பது வீரம் இல்லை.

பெட்டியைத் திறந்து, டிஸ்க் எந்த ஜாதி என்று பாருங்கள்

கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எங்கள் பெட்டியில் பல்லி முட்டை இருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும், ஈரத் துணி வேண்டாம். ஒவ்வொரு கேபிளையும் கழற்றுமுன் செல்போனில் படம் எடுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைத் தெளிவாகப் படம் எடுப்பது முக்கியம். கொள்ளளவு, சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கை, ஜம்பர் படம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

பின்பக்கத்தைப் பாருங்கள். அகலமான பட்டை கேபிளுக்கு 40 பின், பக்கத்தில் நான்கு தடித்த பின் உள்ள பவர் இணைப்பு இருந்தால் அது ஐடிஇ. லேப்டாப் டிஸ்க் என்றால் சிறியதாக 44 பின் இருக்கும். பவரும் அதற்குள்ளேயே வந்துவிடும். 50 பின் அல்லது 68 பின் என்றால் ஸ்கஸி. பழைய மெக்கின்டாஷ்களிலும் சர்வர்களிலும் இது வரும். இரண்டு தனித்தனிப் பட்டைகள், ஒன்று 34 பின், இன்னொன்று 20 பின் என்று போனால் அது எம்எஃப்எம் காலத்துச் சரக்கு. சீகேட் 1980இல் 5 எம்பி கொள்ளளவோடு கொண்டுவந்த எஸ்டி-506இன் வழித்தோன்றல். அதை எந்த யூஎஸ்பி கருவியிலும் சொருக முடியாது. அது கூடவே வந்த கன்ட்ரோலர் அட்டையோடுதான் பேசும். ஆகவே எம்எஃப்எம் டிஸ்க்கை அட்டையிலிருந்து பிரித்துத் தனியாக எடுத்துப்போகாதீர்கள்.

ஐடிஇ என்றால் பயம் இல்லை, மேலே போகலாம்.

என்ன வாங்க வேண்டும்

ஐடிஇ, அதற்குப் பின் வந்த சாட்டா இரண்டையும் யூஎஸ்பிக்கு மாற்றும் கருவி ஒன்று. சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். தனி பவர் அடாப்டர் கூட வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி தருவது 5 வோல்ட் மட்டும். மூன்றரை அங்குல டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். லேப்டாப் டிஸ்க் 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும். நான்கு பின் பவர் இணைப்பில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் உள்ள இரண்டு கறுப்பும் கிரவுண்டு. முடிந்தால் டிஸ்க்கை மாட்டுமுன் மல்டிமீட்டரில் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். மலிவான அடாப்டர்களை நான் நம்புவதில்லை.

இணைப்பியில் ஒரு சின்னத் தொந்தரவு. 40 பின் வரிசையில் 20ஆவது பின் வழக்கமாக இருக்காது. தலைகீழாகச் சொருகாமல் இருக்க கேபிளில் அந்த ஓட்டை அடைத்திருக்கும். ஆனால் சில பழைய டிஸ்க்குகளில் 40 பின்னும் இருக்கும். அங்கே போய் அழுத்தினால் பின் வளையும். அழுத்தாமல், அடைப்பு இல்லாத பழைய கேபிள் ஒன்றைத் தேடுங்கள். பட்டை கேபிளில் சிவப்புக் கோடு இருக்கும் பக்கம்தான் முதல் பின். பெரும்பாலும் அது பவர் இணைப்பை ஒட்டிய பக்கத்தில் வரும்.

அப்புறம் ஜம்பர். டிஸ்க்கின் பின்புறம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி ஜோடிப் பின்களின் மேல் மாட்டியிருக்கும். மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் என்று மூன்று நிலைகள். யூஎஸ்பி கருவிகள் பெரும்பாலும் மாஸ்டரையே எதிர்பார்க்கின்றன. சில கம்பெனி டிஸ்க்குகளில் 'தனியாக இருக்கும் மாஸ்டர்' என்பதற்கும் 'கூடவே ஸ்லேவ் உள்ள மாஸ்டர்' என்பதற்கும் வேறு வேறு நிலை உண்டு. தனியாக என்பதற்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். ஜம்பரை மாற்றுமுன் அது இருந்த நிலையைப் படம் எடுத்தீர்களா?

இவ்வளவும் சரியாக இருந்தும் டிஸ்க் தெரியவில்லை, அல்லது கொள்ளளவு தாறுமாறாகக் காட்டுகிறது என்றால், டிஸ்க் மிகப் பழையதாக இருக்கலாம். 500 எம்பிக்குக் குறைந்த பல டிஸ்க்குகள் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற பழைய கணக்கில் மட்டுமே பேசும். யூஎஸ்பி கருவிகளில் பெரும்பாலானவை எல்பிஏ என்ற புதுக் கணக்கை மட்டுமே அறியும். அப்படியானால் வேறு வழி. கீழே 'டிஸ்க்கைக் கழற்ற வழியில்லை என்றால்' என்ற இடத்துக்குப் போங்கள்.

விண்டோஸ் கேட்கும் கேள்விக்கு 'வேண்டாம்' சொல்லுங்கள்

புதுக் கணினியில் மாட்டியதும் விண்டோஸ் சில சமயம் ஒரு பெட்டி காட்டும்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா? எத்தனை பேர் அவசரத்தில் இதற்கு 'சரி' அழுத்தியிருக்கிறார்களோ. டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. விண்டோஸுக்குப் புரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். 'இனிஷியலைஸ் செய்யலாமா', 'ஸ்கேன் செய்து சரிப்படுத்தலாமா' என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

டிஸ்க் நன்றாகவே தெரிந்தாலும் விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு மறைவு ஃபோல்டரை அதில் எழுதி வைக்கும். அதனால் இந்த வேலைக்கு நான் லினக்ஸைத்தான் சொல்வேன். உங்கள் கணினியில் அதை நிறுவ வேண்டிய அவசியமே இல்லை. சிஸ்டம்ரெஸ்க்யூ அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கிளப்பினால் போதும். மின்ட் என்றால், சொருகும் டிஸ்க்குகளைத் தானாக மவுண்ட் செய்யும் (திறந்து இணைக்கும்) வசதியை ஃபைல் மேனேஜர் அமைப்பில் முதலில் அணைத்துவிடுங்கள். அதன் பிறகே பழைய டிஸ்க்கை மாட்டுங்கள்.

முழு நகல் எடுப்பது

ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போடும் ஆசை இங்கேதான் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஃபைல் ஃபைலாக எடுத்தால் ஹெட் அங்கும் இங்கும் ஓடி அலையும். டிஸ்க் முழுவதையும் முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) கடைசி வரை ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, எடுத்துவிட்டால் ஹெட் ஒரே திசையில் நிதானமாகப் போகும். அழித்த ஃபைல்கள் கிடக்கும் காலி இடமும் சேர்ந்தே வந்துவிடும்.

அதற்கான கருவி குனு டிடிரெஸ்க்யூ. சிஸ்டம்ரெஸ்க்யூவில் ஏற்கெனவே இருக்கிறது. மின்ட்டில் நிறுவும்போது தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, ஓட்டும்போது கட்டளையின் பெயர் டிடிரெஸ்க்யூ. இந்தக் குழப்பத்தில் நான் பத்து நிமிடம் தொலைத்தேன். கட்டளைக்குப் பின் மூன்று பெயர்கள் தர வேண்டும். முதலில் பழைய டிஸ்க், அடுத்து இமேஜ் ஃபைல், கடைசியில் மேப் ஃபைல். இந்த வரிசையை மாற்றினால் பழைய டிஸ்க்கின் மேலேயே எழுதும் ஆபத்து உண்டு. எது பழைய டிஸ்க் என்பதை எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை காட்டும் கொள்ளளவை வைத்து உறுதி செய்துகொண்டு, அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் எண்டர் தட்டுங்கள்.

முதல் ஓட்டத்தில் 'என்' (-n) என்ற தெரிவைச் சேர்த்துக் கொடுங்கள். மோசமான இடங்களில் மல்லுக்கட்டாமல், படிக்கக் கிடைப்பதை முதலில் வாரிக்கொண்டு வந்துவிடும். விட்டுப்போன இடங்களை மேப் ஃபைல் குறித்து வைத்திருக்கும். நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நம் ஊர் மின்வெட்டை நினைத்தே செய்ததுபோல இருக்கிறது. இரண்டாவது ஓட்டத்தில் 'டி' (-d) என்ற தெரிவையும் மூன்று முறை முயல்வதற்கான 'ஆர்3' (-r3) என்பதையும் சேர்த்து, விட்ட இடங்களை மட்டும் மறுபடி தட்டிப் பார்க்கலாம்.

இமேஜைச் சேமிக்கும் டிஸ்க்கின் ஃபார்மேட்டைக் கவனியுங்கள். எங்கள் டிஸ்க் 4.3 ஜிபி. எஃப்ஏடி32 போட்ட பென் டிரைவில் ஒரு தனி ஃபைல் 4,294,967,295 பைட்டுக்கு மேல் போகாது. 4.3 ஜிபி என்றால் மயிரிழையில் அதைத் தாண்டிவிடும். முழுக்க ஓடி, கடைசிக் கட்டத்தில் வந்து நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் போட்டதில் சேமியுங்கள்.

ஆரோக்கியமான டிஸ்க் நொடிக்கு 5 எம்பி கொடுத்தால்கூட 4.3 ஜிபி கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்களுடையதற்கு நாற்பது நிமிடம் ஆனது. ஓரிடத்தில் 11 செக்டர்கள் கடைசி வரை படிக்கவே இல்லை. ஒரு செக்டருக்கு 512 பைட்; ஆக மொத்தம் ஐந்தரை கேபி போனது. எந்த ஃபைலில் ஓட்டை என்று கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. இமேஜை இன்னொரு பிரதி எடுத்து, டிடிரெஸ்க்யூவின் 'ஃபில்' முறையில் கெட்ட இடங்களில் மட்டும் உங்களுக்குத் தெரிந்த ஒரு சொற்றொடரை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சொற்றொடர் எந்த ஃபைலுக்குள் அகப்படுகிறது என்று தேடுங்கள். எங்களுக்கு அது ஸ்வாப் ஃபைலுக்குள் விழுந்திருந்தது. நல்ல காலம்.

ஓடும்போது டிஸ்க்கை மேஜையில் தட்டையாக வைத்து, ஒரு சின்ன மின்விசிறியைக் காட்டுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் சகஜம். சுவர்க் கடிகாரம்போல 'டக், டக்' என்று சீராக அடித்தாலோ உரசும் சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்துங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது, மூடியைத் திறந்து கையால் சுற்றிவிடுவது போன்ற வைத்தியங்களை யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். உள்ளே இருப்பது உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால், தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்திடம் கொடுப்பதுதான் வழி. செலவு அதிகம்தான்.

நகல் முடிந்ததா? பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இனி அது தேவையில்லை.

இமேஜைத் திறப்பது

விண்டோஸில் 7-ஜிப் போதும். இமேஜ் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து திறந்தால் உள்ளே பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) தெரியும். அதையும் திறந்தால் ஃபோல்டர்கள். லினக்ஸில் 'டிஸ்க் இமேஜ் மவுண்டர்' மூலம் திறந்தால் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் ஆகும். கையால் மவுண்ட் செய்கிறவர்களுக்கு ஓர் எண்: அந்தக் காலத்தில் முதல் பார்ட்டிஷன் வழக்கமாக 63ஆவது செக்டரில் தொடங்கும், அதாவது 32,256ஆவது பைட்.

நேரே திறக்கவில்லை என்றால் மூன்று சந்தேகங்கள். ஒன்று, டிஸ்க் மேனேஜர் போன்ற ஓவர்லே மென்பொருள். அன்றைய பயாஸ்களில் 504 எம்பி, 8.4 ஜிபி என்று பல தடைகள் இருந்தன. பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டவர்கள் தடையைத் தாண்ட இதைப் போட்டுக்கொண்டார்கள். ஆன்ட்ராக் நிறுவனத்தின் ஓவர்லே எல்லாவற்றையும் 63 செக்டர் தள்ளி வைக்கும். ஆகவே தொடக்கம் 63 அல்ல, 126. இரண்டு, டபுள்ஸ்பேஸ் அல்லது டிரைவ்ஸ்பேஸ். எம்எஸ்-டாஸ் 6 காலத்தில் இடம் போதாதவர்கள் டிரைவ் முழுவதையும் சுருக்கி ஒரே பெரிய மறைவு ஃபைலுக்குள் வைத்தார்கள். வெளியே பார்த்தால் நாலைந்து ஃபைல் மட்டும் இருக்கும், கொள்ளளவு முழுவதையும் 'டிஆர்விஸ்பேஸ்' அல்லது 'டிபிஎல்ஸ்பேஸ்' என்ற ஒரு ஃபைல் விழுங்கியிருக்கும். விர்ச்சுவல் கணினி ஒன்றில் விண்டோஸ் 98ஐ நிறுவி, இமேஜின் பிரதியை இரண்டாவது டிஸ்க்காகக் காட்டினால் அது விரித்துக் கொடுக்கும். மூன்றாவது சந்தேகம், பார்ட்டிஷன் அட்டவணையே அழிந்திருப்பது. டெஸ்ட்டிஸ்க் அதைத் தேடித் தரும்; அதோடு வரும் ஃபோட்டோரெக், அழிந்த ஃபைல்களைப் பெயர் இல்லாமல் வகை வகையாக வாரித் தரும். இதையெல்லாம் இமேஜின் பிரதியில் செய்யுங்கள்.

டிஸ்க்கைக் கழற்ற வழியில்லை என்றால்

யூஎஸ்பி கருவி ஒத்துவராத டிஸ்க்குக்குப் பழைய கணினியையே ஓட்டித்தான் ஆக வேண்டும். முதலில் மதர்போர்டைப் பாருங்கள். காசு வடிவ சிஆர்2032 பேட்டரி என்றால் புதியது போடுங்கள். 386, 486 போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்து பச்சை பூத்து போர்டையே தின்றிருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுவது நல்லது.

பேட்டரி செத்திருந்தால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்திருக்கும். உள்ளே போய் டிஸ்க்கை ஆட்டோ டிடெக்ட் செய்யும்போது நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று மூன்று வழி காட்டும். அன்றைக்கு ஃபார்மேட் செய்தபோது இருந்த அதே வழியைத் தேர்ந்தெடுத்தால்தான் டிஸ்க் ஒழுங்காகப் படிக்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஃபோல்டர் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியும். பதறிப்போய் ஸ்கேன்டிஸ்க் ஓட்டினால் தீர்ந்தது கதை. வெளியே வந்து அடுத்ததை முயலுங்கள்.

அப்புறம் எப்படி வெளியே அனுப்புவது? எனக்குப் பிடித்தது காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. அது ஐடிஇ மொழியே பேசும். மலிவான மாற்றியில் சொருகி இரண்டாவது கேபிளில் மாட்டினால் இன்னொரு ஹார்டு டிஸ்க்காகத் தெரியும். டாஸ் 6 என்றால் 2 ஜிபிக்குள் பார்ட்டிஷன் போடுங்கள். எக்ஸ்காப்பி என்ற நகல் கட்டளையில் நகலெடுக்கலாம். விண்டோஸ் 95, 98 இருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் ஓடும்போது நகலெடுங்கள். வெறும் டாஸில் எடுத்தால் நீளமான பெயர்கள் எல்லாம் எட்டெழுத்தாக வெட்டுப்பட்டு, நடுவில் அலைக்குறியும் எண்ணுமாக வரும்.

நெட்வொர்க் கார்டு இருந்தால் எஃப்டிபி (நெட்வொர்க் வழியே ஃபைல் அனுப்பும் முறை) சுலபம். ஃபோல்டர் ஷேர் செய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்குத் தேவையான பழைய எஸ்எம்பி1 முறையை 2017 இறுதியிலிருந்தே விண்டோஸ் 10 அணைத்து வைக்கத் தொடங்கிவிட்டது. புதுக் கணினியில் ஓர் எஃப்டிபி சர்வரை ஓட்டி, விண்டோஸ் 98இல் கூடவே வரும் எஃப்டிபி கட்டளையால் அனுப்புங்கள். உள்ளே போனதும் 'பைனரி' என்று தட்ட மறக்காதீர்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக நினைத்து அனுப்பி, படங்களையும், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஃபைல்களையும் நாசமாக்கிவிடும்.

சீரியல் கேபிள் கடைசிப் புகலிடம். நொடிக்கு 1,15,200 பிட் என்றால் கிட்டத்தட்ட 11.5 கேபி. 500 எம்பிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். விண்டோஸ் 98க்குப் பென் டிரைவ் தெரியாது, தனி டிரைவர் போட வேண்டும், ஃபிளாப்பியில் 1.44 எம்பி வீதம் எடுப்பவர்களுக்கு என் வணக்கம்.

எந்தெந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டும்

'மை டாக்குமென்ட்ஸ்' மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். விண்டோஸ் 98இல் டெஸ்க்டாப், விண்டோஸ் ஃபோல்டருக்கு உள்ளே இருந்தது. டிடிபி ஆட்கள் பாதி வேலையை பேஜ்மேக்கர் நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே சேமிப்பார்கள். மாமா 'அஅஅ' என்பதற்குப் பதிலாக மூன்று ஆங்கில ஏ போட்டு ஃபோல்டர் வைத்திருந்தார், வரிசையில் முதலில் வர வேண்டுமாம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதங்கள் 'டிபிஎக்ஸ்' ஃபைல்களாக 'அப்ளிகேஷன் டேட்டா'வுக்குள் புதைந்திருக்கும். 'ரீசைக்கிள்ட்' என்ற ஃபோல்டரையும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஃபாண்ட்களை எடுங்கள். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முழுவதும். அடோபி டைப் மேனேஜர் பயன்படுத்தியிருந்தால் 'பிஎஸ்ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரும். ஆங்கில ஃபைல் என்றால் ஃபாண்ட் போனாலும் சொல் நிற்கும். தமிழில் நிலைமை வேறு.

ஃபைல் கிடைத்தது, தமிழ் எங்கே?

தலவரலாற்று ஃபைலை முதலில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குப்பையாகக் கொட்டின. பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே வரும் இடத்தில் 'த' படம் காட்டு என்று ஃபாண்ட் சொல்கிறது, அவ்வளவே. அந்த ஃபாண்டைப் போட்டால் தமிழ்; எடுத்துவிட்டால் குப்பை.

அன்று ஒவ்வொரு ஃபாண்ட் கம்பெனிக்கும் ஒரு கணக்கு. பாமினி, ஸ்ரீலிபி, வானவில், சாஃப்ட்வியூ, இளங்கோ என்று ஒரே கடைக் கணினியில் நாலைந்து இருக்கும். இணையத்தில் டிஸ்கி என்ற எழுத்துக் குறியீடு பரவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வழியே தமிழை எழுதும் வசதி விண்டோஸில் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய தமிழ் ஃபைல் எது கிடைத்தாலும் அது எந்த ஃபாண்டில் அடித்தது என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் ஃபைலைத் திறக்க வேண்டும். பேஜ்மேக்கர் 6.5இன் 'பி65', 7இன் 'பிஎம்டி' ஃபைல்களை லிப்ரஆபிஸ் டிரா திறக்கிறது. 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. இன்டிசைனில் சிஎஸ்6 வரைதான் முடியும். லிப்ரஆபிஸில் பக்க அமைப்பு கொஞ்சம் குலையும், எழுத்து வந்துவிடும். நமக்கு எழுத்துதானே வேண்டும்? கோரல்டிரா, பழைய வேர்டு, ஃபாக்ஸ்புரோவின் 'டிபிஎஃப்' எல்லாவற்றையும் லிப்ரஆபிஸே பார்த்துக்கொள்ளும். டைப் 1 வகை ஃபாண்ட்களை மட்டும் அது 5.3 பதிப்போடு கைவிட்டுவிட்டது. அவற்றை ஃபாண்ட்ஃபோர்ஜில் போட்டு ட்ரூடைப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு மாற்றம். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் பாமினி, டிஸ்கி, டாப், டாம், வானவில் எனப் பலவற்றை யூனிகோடுக்கு மாற்றும். ஃபாண்ட் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மூன்று இடங்களில் அடி வாங்கினேன்.

ஒன்று, இடையில் வரும் ஆங்கிலம். டிஸ்கியிலும் டாபிலும் ஆங்கிலத்துக்குத் தனி இடம் இருக்கிறது. பாமினியில் இல்லை, ஆங்கிலத்துக்கு ஃபாண்டையே மாற்றித்தான் அடித்திருப்பார்கள். வெறும் எழுத்தாக எடுத்து மாற்றியில் போட்டால் எது பாமினி, எது டைம்ஸ் என்ற தகவல் போய்விடும். நன்கொடையாளர் பட்டியலில் இருந்த டிகிரிகளும் இனிஷியல்களும் புரியாத தமிழாக மாறிவிட்டன. அதனால் ஃபாண்ட் தகவலோடு ஓடிடி அல்லது ஆர்டிஎஃப் ஆகச் சேமித்து, குறிப்பிட்ட ஃபாண்டில் உள்ள பகுதிகளை மட்டும் தேடி எடுத்து மாற்றுங்கள்.

இரண்டு, காலும் ரகரமும். அந்தக் காலத்துப் பல ஃபாண்ட்களில் துணைக்காலும் 'ர'வும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் டைப் அடித்தவர் ஒன்றுக்கு ஒன்றை மாற்றி அடித்திருப்பார்; அச்சில் யாருக்கும் தெரியாது. யூனிகோடுக்கு வந்ததும் 'ராஜா' உடைந்து நிற்கும். 'ஔ' என்பதும் 'ஒ'வும் 'ள'வும் சேர்ந்ததும் இப்படித்தான். ஔவையார் 'ஒளவையார்' ஆகிவிடுவார். தேடல் பெட்டியில் தட்டினால் அகப்பட மாட்டார்.

மூன்று, பத்தி முறிவுகள். கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று வரிக்கு வரி எண்டர் தட்டியிருந்தால் சொற்கள் நடுவில் பிளந்து வரும். ஒற்றைக்கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதன் எழுத்து அடுத்த வரியிலும் கிடக்கும். ஏனென்றால் அந்த ஃபாண்ட்களில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பார்கள். மாற்றுவதற்கு முன் இந்த முறிவுகளைச் சேர்த்துவிடுங்கள்.

கருவி எது சொன்னாலும் கடைசியில் ஒரு மனிதர் படித்துப் பார்க்க வேண்டும். நான் பிரின்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு திண்ணையில் உட்கார்ந்தார். நான் மாற்றியதில் வந்த பிழைகள் முப்பது சொச்சம் எடுத்தார். கூடவே 2001இல் தானே கவனிக்காமல் அச்சேற்றிய இரண்டு ஒற்றுப் பிழைகளும் அகப்பட்டன. அவற்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்திரப்படுத்துவது

இமேஜ், மேப் ஃபைல், வெளியே எடுத்த ஃபைல்கள், ஃபாண்ட்கள், யூனிகோடு பிரதி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். இமேஜுக்கு எஸ்ஹெச்ஏ-256 செக்சம் (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் குறியீடு) எடுத்துப் பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு வையுங்கள். சில வருடம் கழித்துப் பிரதி கெட்டிருக்கிறதா என்று பார்க்க அதுதான் உதவும். ஃபைல்களை மற்ற கணினிகளுக்குக் கொடுக்குமுன் ஆன்டிவைரஸில் ஓட்டுங்கள். எங்களுடையதில் வேர்டு மேக்ரோ வைரஸ் மட்டும் ஏழு ஃபைல்களில் இருந்தது.

பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து விற்க வேண்டாம், யாரும் வாங்கவும் மாட்டார்கள். ஜம்பரைப் பழைய நிலைக்கு மாற்றி, ஆன்டிஸ்டாடிக் உறையில் போட்டு, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எங்களுடையதில் இப்படி எழுதியிருக்கிறது: 'அச்சகம் சிபியு, 4.3 ஜிபி, ஜம்பர் மாஸ்டர். முழு நகல் எடுத்தாகிவிட்டது, 11 செக்டர் போச்சு. ஃபாண்ட்: பாமினி, வானவில். ஸ்விட்ச் போட வேண்டாம்.'